வீட்டுக்கல்வி
வீட்டுக்கல்வி: குழந்தைகளைப் பள்ளிக்கு அனுப்பாது, பெற்றோரோ அவர்கள் அமர்த்தும் ஆசிரியரோ இல்லத்திலேயே வித்தியாப்பியாசம் செய்விக்கும் முறை. வகுப்பும் மணியும் கட்டுப்படுத்தாமல், மாணாக்கனது கிரகிக்கும் சக்திக்கேற்பப் பாடத்தை விரைவாகவோ நிதானமாகவோ நடத்தும் சுதந்திரமே இதன் பிரதான லட்சணம். ஊர் ஊராக ஆசிரியர்களை நாடிப் பயின்று, இறுதியில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையை அடைந்த உ. வே. சாமிநாதையரின் (1855–1942) இளமை, பள்ளிக்கு வெளியே வளர்ந்த கல்விக்குப் பிரசித்தமான திருஷ்டாந்தமாகும்.

6 முதல் 14 வயதுவரை உள்ளோரைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோர் கடமையென 2009-ஆம் ஆண்டின் கல்வியுரிமைச் சட்டம் விதிப்பினும், மீறுவோருக்குத் தண்டனை எதையும் அது வகுக்கவில்லை. 1989-இல் நிறுவப்பட்ட தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம், 14 வயது நிறைந்தோர் பத்தாம் வகுப்புக்கு நிகரான தேர்வை எழுத வழிசெய்கிறது. பதிவு 5 ஆண்டுகள் செல்லுபடியாவதால், பாடங்களை ஒவ்வொன்றாகவும் எழுதித் தேறலாம்.

எலுமிச்சை வாணிபத்துக்குப் பெயர்பெற்ற புளியங்குடி போன்ற ஊர்களில், தோட்டமும் சந்தையும் தாவரவியலுக்கும் கணிதத்துக்கும் பிரத்தியட்சப் பாடசாலையாகக் கூடும். எனினும், ஆய்வுக்கூட வசதியும் சகமாணவர் சகவாசமும் வேறு மார்க்கத்தால் கிடைக்கச் செய்தலும், பெற்றோர் இடையறாது நேரம் ஒதுக்குதலும் இம்முறைக்கு இன்றியமையாதன.