பரங்கிமலை அடிக்கோடும் விண்மீன் தொலைவும்

சென்னைக் கோட்டைப் பக்கமிருந்து வரும் மவுண்ட் சாலை முடிவடையும் பரங்கிமலையின் அருகே, 1802 ஏப்ரலில் நில அளவையாளர் வில்லியம் லாம்ப்டன், ஏறத்தாழ ஏழரை மைல் நீளமுள்ள அடிக்கோட்டை, அதாவது முக்கோணத்தின் முதல் பக்கத்தை, நூறடி எஃகுச் சங்கிலியால் அளக்கத் தொடங்கினார். வெயிலில் எஃகு நீளும் என்பதால் சங்கிலியை மரப்பெட்டிகளில் கிடத்தி, வெப்பமானி பார்த்துத் திருத்தம் செய்து, ஏறத்தாழ நானூறு முறை அதை நகர்த்தினர். இந்தப் பொறுமைதான் இக்கதையின் உயிர் எனலாம்.

ஒரு பக்கமும் இரு கோணங்களும் தெரிந்தால் எட்டாத முனையின் தொலைவும் கிடைத்துவிடும் என்ற அதே கணக்கை வானியலாளர் வானுக்கும் கொண்டுசென்று, பூமி சூரியனைச் சுற்றும் பாதையின் விட்டத்தையே அடிக்கோடாக்கி, ஆறு மாத இடைவெளியில் விண்மீன் சற்றே இடம் மாறித் தெரியும் கோணத்தை, அதாவது இடமாறு தோற்றத்தை, அளக்க முயன்றனர். 1838இல் ஜெர்மானியரான பெசல் 61 சிக்னி என்ற விண்மீனுக்கு அதைச் சாதித்தார். அங்கிருந்து ஒளி இங்கு வந்துசேர 11 ஆண்டுகளுக்கு மேலாகிறது. பரங்கிமலை அடிக்கோட்டையோ அது ஒரு நொடியின் 25,000இல் ஒரு பங்கில் கடந்துவிடும்.