ஸ்பேர் டயர் (காதல் வழக்கு)

ஒருவரோடு பழகிக்கொண்டே, அது கைகூடாமல் போனால் இருக்கட்டும் என்று இன்னொருவரை விட்டுவிடாமலும் நெருங்கவிடாமலும் வைத்திருப்பதைக் குறிக்கும் பேச்சு வழக்கு. ஜொகூர் பாரு போலப் பல மொழி புழங்கும் ஊரில் இந்த உவமை சட்டெனப் பிடிபடும்: மாண்டரினில் இப்படிப்பட்டவரை 'பெய்தாய்' என்பார்கள், அதற்கும் மாற்று டயர் என்றே பொருள். தமிழ்நாட்டில் அந்த டயரின் பெயர் 'ஸ்டெப்னி'. வேல்ஸ் நாட்டு லனெல்லி நகரின் ஸ்டெப்னி தெருவில் 1904இல் பிறந்த உதிரிச் சக்கரம் தந்த சொல் அது.

வைத்திருக்கும் விதம் எளியது. வாரம் ஒருமுறை 'சாப்பிட்டாச்சா', ஸ்டேட்டஸுக்கு ஓர் இதயம், தீபாவளிக்கு ஒரு வாழ்த்து. சந்திப்போமா என்று கேட்டால், 'பார்க்கலாம்'. உளவியலாளர் கேரில் ரஸ்பல்ட் 1980இல் முன்வைத்த முதலீட்டு மாதிரியின்படி, மனநிறைவும் இட்ட உழைப்பும் ஒருவரை உறவில் நிறுத்தும். வெளியே நல்ல மாற்று உண்டு என்ற எண்ணம் பிடியைத் தளர்த்தும். ஆய்வாளர்கள் டிபிள், டிரூவின் ஆகியோர் 2014இல் இதே மாதிரியைக் கொண்டு, இப்படி மாற்றாக வைத்திருப்பவர்களோடான கைப்பேசிவழித் தொடர்புகளை ஆராய்ந்தனர்.

டிண்டர் (2012) போன்ற செயலிகள் ஆளை நேர்கோட்டுத் தூரத்தில் காட்டுகின்றன. ஜொகூரில் அது ஒரு வேடிக்கை. சிங்கப்பூரின் உட்லண்ட்ஸில் இருப்பவர் பக்கத்துத் தெருக்காரர் போலத் தெரிவார். நடுவே 1924இல் திறந்த, சுமார் 1 கி.மீ. நீளப் பாலத்தில் ஜாம் என்றால் இரண்டு மணி நேரம் போகும். வேலைக்குச் சிங்கப்பூர், வீட்டுக்கு ஜொகூர் என்று வாழ்பவருக்கு 'பாலத்தில் மாட்டிக்கொண்டேன்' என்பது யாரும் சந்தேகிக்காத சாக்கு.

வரன் பார்க்கும் வீட்டிலும் ஒரே சமயத்தில் மூன்று ஜாதகம் இருக்கும்தான். எதிர்த்தரப்பாரும் அப்படித்தான் என்பது இருவருக்கும் தெரியும், பரிசம் போட்ட அன்றே மற்றவை திரும்பிவிடும். ஸ்பேர் டயராக இருப்பவருக்கோ தன் நிலை தெரியாது. விடுவிக்கும் நாளும் கிடையாது.

மலேசியாவில் முஸ்லிம் அல்லாதாருக்கான 1976ஆம் ஆண்டுத் திருமணச் சட்டம் 1982 மார்ச் 1 முதல் ஒருதார மணத்தையே ஏற்கிறது. வழக்கமான பதிவுக்கு முன் 21 நாள் அறிவிப்பு ஒட்டப்படும். அதற்கு முந்திய பழக்கத்தில் சட்டம் பெரிதும் தலையிடுவதில்லை. மணப்பதாக வாக்களித்து மீறியவர்மேல் இழப்பீடு கேட்டு வழக்குத் தொடர வழியுண்டு. பரிசமோ மண்டப முன்பணமோ அங்கே சான்றாகும். 'பார்க்கலாம்' என்பதை வாக்குறுதியாக நிறுவுவது கடினம்.