இணையப் பெயரேடு பிறந்த வரலாறு

வில்லியனூர் எனது ஊர். 1954 வரை ஆண்ட பிரெஞ்சுக்காரர் அதனை ‘வில்லெனூர்’ என எழுதினர். என் பாட்டனார் பெயரும் பதிவேட்டில் பிரெஞ்சு எழுத்துக்கூட்டலிலேயே இருந்தது. அதை அறியாமல் ஆங்கில எழுத்துக்கூட்டலில் தேடிய நான், ஓர் அலுவலகத்தில் அரை நாள் நின்று வெறுங்கையோடு திரும்பினேன். ஏடு இருந்தது, பெயரும் இருந்தது, தேடும் வழிதான் இல்லை.

கணினிகள் உலகெங்கும் இணைந்தபோது இதே இடர் பேருருக் கொண்டது. ஒவ்வொரு நிறுவனமும் தன் மனம்போல் பெயரேடு வைத்திருந்தது. ஓர் ஏட்டிடம் கேட்கும் முறை மற்றோர் ஏட்டுக்கு விளங்காது. கேட்கும் முறையையும் விடை தரும் முறையையும் பொதுவாக வகுப்பதே நெறிமுறை. அவ்வாறு 1988இல் வந்தது எக்ஸ்.500. நாடு, நிறுவனம், பிரிவு, ஆள் என மரம்போல் கிளைப்பது அதன் அமைப்பு. கடித உறையின் முகவரியைக் கீழிருந்து மேலாகப் படிப்பதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். அமைப்பு சிறந்ததே. ஆனால் அதன் சுமையைச் சிறு கணினிகள் தாங்கவில்லை. 1993இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் டிம் ஹௌஸ் முதலியோர், மரத்தை வைத்துக்கொண்டு சுமையைக் குறைத்து, எல்டாப் என்னும் நெறிமுறையை வெளியிட்டனர். பெருங்குழுக்களின் திட்டத்தை எளிமை வென்றது என்றே நான் கருதுகிறேன்.

நமக்குரிய ஆண்டு 1997. அவ்வாண்டு வந்த மூன்றாம் பதிப்பு யூனிக்கோடு எழுத்துகளை ஏற்றது. தமிழ்ப் பெயர் தமிழாகவே ஏட்டில் ஏறலாயிற்று. ஒரே பதிவில் பல பெயர் வடிவங்களை வைக்கலாம். எவ்வடிவம் எம்மொழிக்குரியது எனக் குறிக்கும் முறையும் 1999இல் வந்தது. வில்லெனூர் என்று கேட்டாலும், வில்லியனூர் என்று கேட்டாலும் ஊர் ஒன்றே கிடைக்கும். யாரேனும் இரண்டையும் எழுதி வைத்திருந்தால். என் பாட்டனாருக்கு அவ்வாறு எழுதுவார் இன்னும் வரவில்லை.