ரசீது இல்லாத வாடகை

எங்களில் ஒருத்தியின் உம்மம்மாவிடம் ஒரு சீஆர் கொப்பி இருக்கு. மட்டை போய்விட்டது, ஓரமெல்லாம் கரையான் தின்றிருக்கு. உள்ளே ஒவ்வொரு வரியிலும் மாதம், தொகை, பக்கத்தில் ஒரு சரி அடையாளம். 1993இல் தொடங்கி 2004 வரைக்கும் போகுது. ஆலங்குடாவில் இன்னொருவரின் தென்னந்தோட்டத்துக்குள் கிடுகுக் குடில் போட்டு இருந்ததுக்கு அவர் மாதாமாதம் கொடுத்த காணி வாடகையின் கணக்கு அது. எழுதியதெல்லாம் உம்மம்மாவின் கை. காசை வாங்கினவரின் கையெழுத்து ஒரு பக்கத்திலும் இல்லை.

"ரசீது கேக்கல்லயா?" என்று கேட்டோம்.

"துண்டு கேட்டா எழும்பச் சொல்லிருவாங்களோ என்டு பயம் மகள். அந்தாள் நல்ல மனிசன்தான். ஆனா கேக்கேலாது."

அந்தக் கொப்பியைப் பார்த்த அதே தவணையில்தான் கலைப்பீடத்தில் ஒரு ஒப்படைக்காக இலங்கையின் வாடகைச் சட்டத்தை வாசிக்க வேண்டி வந்தது. சலிப்பான பாடமென்று நினைத்துத்தான் தொடங்கினோம். வாசிக்க வாசிக்க உம்மம்மாவின் கொப்பிதான் கண்ணுக்குள் வந்துகொண்டிருந்தது. இந்த நாட்டில் ஒரு காலத்தில் வாடகைக்காரருக்கு ரசீது எழுதிக் கொடுக்கிற வேலையைச் சட்டம் உள்ளூராட்சி சபையிடமே கொடுத்திருக்கு. அந்த வேலை ஆலங்குடாவின் தென்னந்தோட்டத்துக்கு ஏன் வந்து சேரவில்லை என்பதைத்தான் இங்கே எழுதப் பார்க்கிறோம்.

வாடகைக் கட்டுப்பாடு எங்கட நாட்டுக்கு யுத்தத்தோடு வந்தது. இரண்டாம் உலகப் போர் நடந்த 1942இல் பிரித்தானிய ஆட்சி வாடகைக் கட்டுப்பாட்டுக் கட்டளைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. அதன் வேர் இன்னும் பழையது. முதலாம் உலகப் போர் காலத்தில் ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்துக்கு ஆயுதத் தொழிற்சாலை வேலைக்கு ஆட்கள் குவிந்தார்கள், வீட்டுக்காரர்கள் வாடகையை ஏற்றினார்கள். 1915இல் மேரி பார்பர் போன்ற பெண்கள் தெருத்தெருவாக அக்கம்பக்கத்தாரைச் சேர்த்து, கூட்டின வாடகையைக் கட்ட மாட்டோம் என்று நின்றார்கள். வெளியேற்ற வந்த அதிகாரிகளை வாசலிலேயே மறித்தார்கள். அந்த வருடம் முடிவதற்குள் பிரித்தானிய நாடாளுமன்றம் சிறிய வீடுகளின் வாடகையை 1914 ஆகஸ்ட் மாத அளவில் நிறுத்தி வைக்கச் சட்டம் போட்டது. ஆண்கள் போருக்குப் போயிருந்த நேரத்தில் சமையலறையில் இருந்து வந்த சட்டம் என்று சொன்னால் கொஞ்சம் மிகைதான், ஆனால் முழுப் பொய்யில்லை.

சுதந்திரத்துக்குப் பிறகு 1948இல் இங்கே ஒரு புதிய சட்டம் வந்தது. 1972இல் ஐக்கிய முன்னணி அரசாங்கத்தில் பீட்டர் கெனமன் வீடமைப்பு அமைச்சராக இருந்தபோது 7ஆம் இலக்க வாடகைச் சட்டம் வந்தது. அடுத்த வருடமே ஒருவர் எத்தனை வீடு வைத்திருக்கலாம் என்று வரம்பு போட்ட சட்டமும் வந்தது.

1972 சட்டத்தில் எங்களைப் பிடித்து நிறுத்திய இடங்கள் இரண்டு.

முதலாவது, ஒரு வீட்டுக்கு நியாயமான வாடகை எவ்வளவு என்பதை எப்படிக் கணக்கிடுவது என்பது. சந்தை என்ன சொல்லுது என்று சட்டம் பார்க்கவில்லை. உள்ளூராட்சி சபை மதிப்பீட்டு வரிக்காக, எங்கட ஆட்கள் சோலை வரி என்று சொல்கிற வரிக்காக, அந்த வீட்டுக்குப் போட்டு வைத்திருக்கிற ஆண்டுப் பெறுமதியை அடிப்படையாக எடுத்தது. அதாவது சபையின் வரிப் பதிவேடுதான் வாடகைக்காரரின் பாதுகாப்புக்கு அத்திவாரம். தகராறு வந்தால் வாடகைச் சபைக்குப் போகலாம். மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக்கூடாது என்றும் இருக்கு. (போடிங் அறைக்கு ஆறு மாதக் காசை முன்கூட்டியே எண்ணி வைத்த எங்களுக்கு இதை வாசிச்சதும் சிரிப்புத்தான் வந்தது.)

இரண்டாவது, 21ஆம் பிரிவு. வாடகைக்காரர் விரும்பினால் வாடகையை வீட்டுச் சொந்தக்காரரிடம் கொடுக்காமல் சட்டம் சொல்கிற 'அதிகாரமளிக்கப்பட்ட ஆளிடம்' கட்டலாம். யார் அந்த ஆள்? மாநகர சபை என்றால் மேயர், மற்றச் சபை என்றால் தவிசாளர், அல்லது அவர் எழுத்தில் நியமிக்கிற உத்தியோகத்தர். அவர் காசை வாங்கி ரசீது கொடுப்பார், சொந்தக்காரருக்கும் அறிவிப்பார். வீட்டுக்காரர் "உன் வாடகை எனக்கு வேணாம், எழும்பு" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாலும், வாடகைக்காரர் சபையின் கவுன்டருக்குப் போய் காசைக் கட்டி ரசீதை வாங்கி மடித்து வைத்துக்கொள்ளலாம். பிறகு வாடகை நிலுவை என்று வழக்குப் போட்டால் அந்த ரசீது பேசும். கொழும்பின் பழைய வீட்டு வழக்குகளில் இந்தச் சபை ரசீதுகளைப் பற்றின வாதங்கள் நிறையவே இருக்கு.

சட்டத்தைக் கும்பிட்டுக்கொண்டு இருக்கத் தேவையில்லை. வாடகை கீழேயே நின்றதால் பல சொந்தக்காரர்கள் திருத்த வேலை செய்யாமல் வீடுகளை அப்படியே விட்டார்கள். புதிதாக வாடகைக்கு விடவும் பயந்தார்கள். ரசீதுக்கு வெளியே 'கீ மணி' என்று ஒரு தனி உலகம் வளர்ந்தது. ஒரு வீட்டை மீட்கத் தலைமுறை கடந்து வழக்காடின குடும்பங்களும் இருக்கு. 1980இல் வந்த திருத்தமும் 2002இல் வந்த திருத்தமும் சட்டத்தின் பிடியைப் படிப்படியாகத் தளர்த்தின. இந்தக் குறைகளையெல்லாம் ஏற்றுக்கொண்ட பிறகும், சபைக் கவுன்டரில் கிடைக்கிற அந்தத் துண்டைப் பற்றி எங்களுக்குக் கொஞ்சம் பொறாமை இருக்கு.

ஏனென்றால் அந்தச் சட்டம் நகரத்தை மனதில் வைத்து எழுதப்பட்டது. மாநகர, நகர, பட்டின சபை எல்லைகளில்தான் அது முக்கியமாக உயிரோடு இருந்தது. கிராமத்துக்கு வேண்டுமென்றால் அமைச்சர் தனியாக வர்த்தமானியில் அறிவிக்க வேண்டும். அதோடு சட்டத்தின் வரைவிலக்கணத்தில் வளவு என்றால் ஒரு கட்டடம், அதோடு சேர்ந்த நிலம். வெறும் நிலத்தை வாடகைக்கு எடுத்து அதில் தானே குடில் கட்டிக்கொண்டவர் அந்தச் சொல்லுக்குள் வரமாட்டார். உம்மம்மாவின் கிடுகும் கம்பும் உம்மம்மாவுடையதே. வாடகை மண்ணுக்குத்தான்.

இனி ஆலங்குடாவுக்கு வருவோம். பாலாவியில் திரும்பிக் கற்பிட்டி ரோட்டில் போனால், ஒரு பக்கம் களப்பும் மறுபக்கம் கடலுமாக ஒடுங்கின மணல் தரையில் இருக்கிற ஊர். இன்றைக்கு வெளிநாட்டுக்காரருக்கு டொல்பின் பார்க்கிற கடற்கரை என்று தெரியும். எங்களுக்கு அது வேறு ஊர்.

1990 ஒக்டோபர் கடைசியில் விடுதலைப் புலிகள் வடமாகாணத்தில் இருந்து முஸ்லிம்கள் எல்லோரையும் வெளியேற்றினார்கள். ஏறத்தாழ 75,000 பேர். யாழ்ப்பாணத்தில் இரண்டு மணித்தியால அவகாசம் கொடுத்தார்கள். மன்னார் தீவில் இருந்தவர்கள் கடல் வழியாகப் படகில் கற்பிட்டிக் கரைக்கு வந்தார்கள். எருக்கலம்பிட்டியில் இருந்து அப்படி வந்தவர்தான் எங்கட உம்மம்மா. கற்பிட்டி, புத்தளம் ஆட்கள் பள்ளிவாசலையும் பாடசாலையையும் திறந்துவிட்டார்கள், வீட்டில் இருந்த அரிசியைச் சமைத்துக் கொடுத்தார்கள். கொஞ்ச நாள் என்றுதான் இரண்டு தரப்புமே நினைத்தது. அந்தக் கொஞ்ச நாள் இருபது வருடத்தையும் தாண்டிப் போனது. ஆலங்குடாவிலும் அதைச் சுற்றியும் முகாம்கள் வந்தன. சில அரசாங்கக் காணியில், பல தனியார் தென்னங்காணியில். சில இடத்தில் சும்மா இருக்க விட்டார்கள், சில இடத்தில் தோட்ட வேலை வாடகைக்கு ஈடானது, சில இடத்தில் காசு.

இதில் ஒரு தற்செயல் இருக்கு. 1987இன் பிரதேச சபைகள் சட்டத்தின் கீழ் முதல் தேர்தல் நடந்தது 1991 மே மாதத்தில். அதாவது முகாம் வந்து ஆறேழு மாதத்தில்தான் தெரிவு செய்யப்பட்ட பிரதேச சபையும் வந்தது. ஒரே வயது. ஆனால் ஒன்றுக்கு மற்றதைக் கண்ணில் தெரியவில்லை. பிரதேச சபை மதிப்பீட்டு வரி போடலாம், ஆனால் கட்டடங்கள் நிறைந்த பகுதி என்று பிரகடனம் செய்த இடங்களில் மட்டும். மற்ற இடத்தில் பயிர்க் காணிக்கு ஏக்கர் வரி. ஆகவே அந்தத் தோட்டம் சபையின் ஏட்டில் ஏறுகிறதென்றால் தென்னங்காணியாகத்தான் ஏறும். மரத்துக்குக் கீழே இருக்கிற குடில்களுக்கு அங்கே ஒரு வரியும் இல்லை. ஆண்டுப் பெறுமதி இல்லாத இடத்தில் நியாய வாடகை என்ற கேள்வியே பிறக்காது.

சபை ஏன் அக்கறைப்படவில்லை என்று கேட்டால், இன்னொரு பதிவேட்டையும் பார்க்க வேண்டும். இடம்பெயர்ந்தவர்களில் பெரும்பாலானோரின் வாக்கு வடக்கிலேயே பதியப்பட்டிருந்தது. தேர்தல் வந்தால் புத்தளத்தில் அமைக்கிற விசேட வாக்குச்சாவடியில் மன்னாருக்கும் வன்னிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் வாக்களித்தார்கள். அதை விட்டுக்கொடுக்க அவர்களுக்கும் மனமில்லை. வாக்கை மாற்றினால் ஊர் போய்விடும் என்ற பயம், அதோடு உலர் உணவு அட்டையும் போய்விடுமோ என்ற பயம். அதனால் குப்பை, கிணறு, ரோட்டு, வாடகை எல்லாம் நடக்கிற சபையில் இவர்கள் யாருக்கும் வாக்காளர் இல்லை. வாக்கு இல்லாதவருக்கு எந்தத் தவிசாளர் கவுன்டர் திறப்பார்? உள்ளூர் ஏழைகளும் இதே பிரதேசத்தில் காணி இல்லாமல் இருந்தார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். நிவாரணம் அகதிக்கு மட்டும் போகுது என்ற அவர்களின் கோபம் முழுக்கவும் அநியாயமானதில்லை.

காணிக்காரரின் பக்கத்திலும் ஒரு பயம் இருந்தது. 1871இன் காலாவதிக் கட்டளைச் சட்டத்தின்படி ஒருவர் இன்னொருவரின் காணியில், அவருடைய உரிமையை ஏற்காமல், தடையில்லாமல் பத்து வருடம் இருந்தால் உரிமை கோரலாம். இந்தப் பத்து வருடக் கதை எல்லோருக்கும் தெரியும், நடுவில் இருக்கிற நிபந்தனை யாருக்கும் தெரியாது. எழுத்தில் ஒன்றும் கொடுக்காமல் விட்டால் பாதுகாப்பு என்று நம்பினார்கள். உண்மையில் வாடகை ரசீது இருந்தால் அது சொந்தக்காரருக்கும் நல்லது. அனுமதியோடுதான் இருந்தார்கள் என்பதற்கு அதைவிட என்ன சாட்சி வேணும்? இதை விளக்கிச் சொல்ல நடுவில் ஒரு சபை உத்தியோகத்தர் இருந்திருந்தால் உம்மம்மாவின் பயமும் அந்தாளின் பயமும் ஒரே துண்டில் தீர்ந்திருக்கும்.

2004இல் அந்தக் காணி விலைப்பட்டது. மூன்று கிழமையில் எழும்பச் சொன்னார்கள். பதினொரு வருடம் மாதம் தவறாமல் கொடுத்தது ஒரு நாளைக்கூட நீட்டித்துத் தரவில்லை. உம்மம்மா கொப்பியைக் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறார். "இது நீங்க எழுதினதுதானே" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்களாம். குடிலைக் கழற்றிக் கம்பைத் தோளில் சுமந்துகொண்டு சொந்தக்காரர் வளவுக்குப் போனார்கள். 2006இல் காதில் கழுத்தில் இருந்ததை விற்றுப் பத்துப் பேர்ச் வாங்கினார்கள்.

வாங்கியது நல்லதாகிப் போனது. 2007இல் உலக வங்கி 32 மில்லியன் டொலர் கடனோடு புத்தளம் வீடமைப்புத் திட்டத்தைத் தொடங்கியது. கிடுகு வீடுகள் கல்வீடாக மாறினது அதில்தான், குடிநீரும் வந்தது, உள்ளூர்க் குடும்பங்களுக்கும் ஒரு பங்கு இருந்தது. ஆனால் அடிப்படை, சொந்தக் காணி. உறுதி இருந்தால் வீடு. பிரேமதாசவின் பத்து இலட்சம் வீட்டுத் திட்டத்தில் இருந்து இதுவரைக்கும் எங்கட நாட்டின் வீடமைப்பு பெரும்பாலும் சொந்தக்காரரை உருவாக்கவே பார்த்திருக்கு. விற்க நகை இல்லாமல், உறுதி இல்லாமல் வாடகைக்கே தொடர்ந்தவர்கள் எந்தத் திட்ட அறிக்கையில் வருவார்கள்?

பிறகு நுரைச்சோலை அனல் மின் நிலையம் வந்தது. கட்டுகிற காலத்தில் அறை வாடகை ஏறின கதையை வீட்டில் இப்பவும் சொல்வார்கள். யுத்தம் முடிஞ்சதும் சுற்றுலா வந்தது. இதில் பிரதேச சபைச் சட்டத்தின் ஒரு விஷயம் எங்களை யோசிக்க வைத்தது. தங்குவிடுதி நடத்த சபையின் அனுமதிப்பத்திரம் வேணும். சுற்றுலா அதிகார சபையில் பதிந்த விடுதி என்றால் முந்தின வருட வருமானத்தில் நூற்றுக்கு ஒன்று வரை சபைக்குக் கட்டணம் கட்ட வேண்டும். ஆகவே ஒரு சுற்றுலாக்காரர் ஆலங்குடாவில் இரண்டு இரவு தங்குகிற அறை எங்கே இருக்கு, அதில் என்ன வருமானம் வருது என்று கேட்க சபைக்கு அதிகாரம் இருக்கு. அதே ரோட்டில் நான்கு பிள்ளைகளோடு ஒரு குடும்பம் மாத வாடகைக்கு இருக்கிற அறையைப் பற்றி அது ஒரு படிவம்கூட வைத்திருக்கத் தேவையில்லை.

நாங்கள் கேட்கிறது பெரிய புரட்சி ஒன்றுமில்லை. 1972இன் வாடகை வரம்பைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லவுமில்லை. அந்தக் கவுன்டரை மட்டும் கிராமத்துக்குக் கொண்டுவரலாம். வாடகைக்கு விட்ட அறையோ நிலமோ, சபையில் ஒரு பதிவு, மாதம் ஒரு ரசீது, எழும்பச் சொல்ல எழுத்தில் ஒரு தவணை. விடுதிக்குச் செய்யத் தெரிந்த சபைக்கு இதுவும் செய்யத் தெரியும்.

கொப்பியின் கடைசி வரி 2004 ஓகஸ்ட். தொகை எழுதியிருக்கு, சரி அடையாளம் இல்லை. அந்த மாதம் அவர் காசை வாங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாராம். "அப்ப அந்தக் காச என்ன செஞ்சீங்க?" என்று கேட்டோம். "அதுலதான் லொறி பிடிச்ச" என்றார் உம்மம்மா.