நாடித்துடிப்பைப் பார்த்து ஓடியவர்கள்

போலீஸ் செலக்‌ஷனுக்குத் தயாராகும் நம் ஊர்ப் பையன்களிடம் போய் "மெதுவாக ஓடு, வேகம் தானாக வரும்" என்று சொல்லிப் பாருங்கள். சிரிப்பார்கள். காவலர் உடல்திறன் தேர்வில் ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓட வேண்டும். அதனால் தினமும் காலையில் அதே 1500 மீட்டரை உயிரைக் கொடுத்து ஓடுகிறார்கள். கொஞ்ச நாளில் சிலருக்கு முழங்காலுக்குக் கீழே வலி வந்து, ஓட்டமே நின்றுவிடுகிறது. இதற்கு வேறு வழி உண்டா என்ற கேள்வி புதிதல்ல. எண்பது வருஷத்துக்கு மேலாக உலகம் முழுக்கச் சண்டை போட்ட கேள்வி.

சண்டை தொடங்கியது ஜெர்மனியில். 1930-களில் வோல்டெமார் கெர்ஷ்லர் என்ற பயிற்சியாளரும், ஹெர்பர்ட் ரைண்டெல் என்ற இதய மருத்துவரும் சேர்ந்து ஒரு முறை கண்டுபிடித்தார்கள். சிறிய தூரத்தை வேகமாக ஓடு, துடிப்பு 180-க்குப் போகட்டும். பிறகு ஓய்வு எடு, 120-க்கு இறங்கியதும் மறுபடி ஓடு. இதைத்தான் இன்று இன்டர்வெல் என்கிறோம். கெர்ஷ்லரின் மாணவர் ருடால்ஃப் ஹார்பிக் 1939-ல் மிலான் நகரில் 800 மீட்டரை 1 நிமிடம் 46.6 விநாடியில் ஓடினார். அந்த உலக சாதனை 16 வருஷம் நின்றது. அப்புறம் யார் எதிர்த்துப் பேசுவார்கள்? ஓட்டப் பயிற்சி என்றாலே இன்டர்வெல் என்று ஆகிவிட்டது.

எதிர்த்தவர்களில் ஒருவர் நியூசிலாந்தில் இருந்தார். ஆர்தர் லிடியார்ட், ஆக்லாந்தில் செருப்புத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். பட்டம் எதுவும் கிடையாது, சோதனைக்கூடமும் கிடையாது. தன் உடம்பையே சோதனைக்கூடமாக்கி, வாரத்துக்கு எவ்வளவு தூரம் ஓடினால் நல்லது என்று வருஷக்கணக்கில் ஓடிப் பார்த்தார். கடைசியில் வந்து நின்றது வாரம் 100 மைல், அதாவது 160 கிலோமீட்டர். மூச்சு வாங்காமல் ஓட வேண்டும் என்பது நிபந்தனை. பல வாரம் இப்படி அடித்தளம் போட்ட பிறகே மேடு ஏறும் பயிற்சி, அதற்கும் பிறகே வேக ஓட்டம். பக்கத்து வீட்டுப் பையன்கள் மாதிரி இருந்த சிலரை வைடாருவா மலைப்பாதையில் 22 மைல் ஓட விட்டார். அவர்களில் ஒருவர் பீட்டர் ஸ்னெல். 800 மீட்டர் ஓடுகிறவனுக்கு 35 கிலோமீட்டர் எதற்கு என்று எல்லோரும் கேட்டார்கள்.

பதில் 1960-ல் ரோம் ஒலிம்பிக்ஸில் வந்தது. (அதே வருஷம் ஏப்ரல் 1-ல்தான் நம் திருத்தணி ஆந்திரத்திலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்தது. சம்பந்தம் ஒன்றும் இல்லை, எனக்கு வருஷம் நினைவில் நிற்பது இதனால்தான்.) செப்டம்பர் 2 அன்று ஸ்னெல் 800 மீட்டரில் தங்கம். அவருக்குப் பின்னால் இரண்டாவதாக வந்தவர் பெல்ஜியத்தின் ரோஜர் மோன்ஸ், 1955-ல் ஹார்பிக்கின் சாதனையை உடைத்த அதே ஆள்! அன்றைக்கே 5000 மீட்டரில் முர்ரே ஹால்பெர்க் தங்கம் வாங்கினார். ரக்பியில் அடிபட்டு அவருக்கு ஒரு கை சரியாக வராது. அவரும் லிடியார்டின் ஆள். மாரத்தானில் வெண்கலம் வாங்கிய பாரி மாகியும் அவரிடம் பயின்றவரே.

இதை வைத்து "லிடியார்ட் மெதுவாக ஓடச் சொன்னார்" என்று பலர் எழுதுகிறார்கள். அது பாதி உண்மைதான். அவர் ஆட்களின் ஓட்டம் நமக்கு மெதுவே இல்லை. அவர்களுடைய உச்ச வேகத்தோடு பார்த்தால்தான் மெது.

துடிப்பை நேரடியாகக் கணக்கில் வைத்து மெதுவாக ஓடச் சொன்னவர், கெர்ஷ்லரின் சொந்த நாட்டிலேயே இருந்தார். வால்ட்நீல் என்ற சிற்றூர் டாக்டர் எர்ன்ஸ்ட் ஃபான் ஆக்கன். துடிப்பு சுமார் 130-ல் இருக்கும்படி நீண்ட தூரம் ஓடு என்றார். அவரிடம் பயின்ற ஹரால்ட் நோர்போத் 1964 டோக்கியோவில் 5000 மீட்டரில் வெள்ளி வாங்கினார். பெண்களால் நெடுந்தூரம் ஓட முடியாது என்று மற்ற டாக்டர்கள் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், 1973-ல் பெண்களுக்கு மட்டுமான மாரத்தானைத் தன் ஊரில் நடத்தினார். 1972-ல் விபத்தில் இரண்டு கால்களையும் இழந்த பிறகு! என்னைக் கேட்டால் இந்த வரலாற்றின் உண்மையான கதாநாயகர் இவர்தான். ஆனால் பேர் தெரிந்தவர்கள் குறைவு.

அதுவரை துடிப்பு பார்க்க வேண்டுமென்றால் நின்று, மணிக்கட்டில் விரல் வைத்து எண்ண வேண்டும். பின்லாந்தின் போலார் கம்பெனி 1982-ல் ஒயர் இல்லாத கருவியைக் கொண்டுவந்தது. நெஞ்சில் பட்டை, கையில் வாட்ச். ஓடிக்கொண்டே எண்ணைப் பார்க்கலாம். எண் கண்ணுக்குத் தெரிந்ததும் சூத்திரமும் பிரபலமானது. அமெரிக்காவின் ஃபில் மாஃபெட்டோன், 180-லிருந்து வயதைக் கழி, அதைத் தாண்டாமல் ஓடு என்றார். மார்க் ஆலன் என்ற டிரையத்லான் வீரர் இதைப் பின்பற்றினார். துடிப்பை 155-க்குள் வைக்க, முதலில் மைலுக்கு 8 நிமிடத்துக்கு மேல் ஆனதாம். அவமானமாக இருந்ததாம். சுமார் ஒரு வருஷத்தில் அதே 155-ல் மைலுக்கு 5 நிமிடம் 20 விநாடி. 1989 முதல் 1995 வரை ஹவாய் அயர்ன்மேன் பட்டத்தை 6 முறை வென்றார்.

காரணம் இதுதான். மெதுவாக நெடுநேரம் ஓடும்போது இதயம் ஒரு துடிப்பில் தள்ளும் ரத்தம் கூடுகிறது. தசைக்குள் நுண்ணிய ரத்தக் குழாய்கள் பெருகுகின்றன. இதற்கு மாதங்கள் ஆகும். பெரிய வீரர்களின் பயிற்சியை ஆராய்ந்த ஸ்டீபன் செய்லர், அதில் சுமார் 80 சதவீதம் எளிதான ஓட்டமே என்று காட்டினார். மீதி கடுமையானது. அதாவது கெர்ஷ்லரும் முழுசாகத் தோற்கவில்லை.

ஆனால் 180 கழித்தல் வயது என்பதை வேதவாக்காக எடுத்துக்கொள்ளக் கூடாது. அது ஆட்களைப் பார்த்துப் பார்த்துப் போட்ட ஒரு குறுக்குவழி. ஒரே வயதில் இருவருக்கு உச்சத் துடிப்பு 20 வரைகூட வித்தியாசப்படலாம். நம் ஊர் வெயில் வேறு. ஏப்ரல் மாதம் எட்டு மணிக்கு மேல் ஓடினால் வேகம் கூடாமலே துடிப்பு ஏறும், தோலைக் குளிர்விக்கவும் இதயம் ரத்தம் அனுப்ப வேண்டுமே. வாட்ச் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, பக்கத்தில் ஓடுகிறவனோடு முழு வாக்கியமாகப் பேச முடிந்தால் போதும். மலைக்கோயிலின் 365 படிகளில் ஓடி ஏறுவது இந்தக் கட்டத்துக்கு ஆகாது. லிடியார்டும் மேட்டை அடித்தளத்துக்குப் பிறகுதானே வைத்தார்.

செலக்‌ஷனுக்கு நாலைந்து மாதம் இருக்கிறவர்களுக்கு இதெல்லாம் பொருந்தும். பத்து நாள்தான் இருக்கிறது என்றால் லிடியார்டே வந்தாலும் ஒன்றும் செய்ய முடியாது :-)