பிரெஞ்சு வைன்

பிரெஞ்சு வைன் என்பது பிரான்சு நாட்டில் விளையும் திராட்சைப் பழச்சாற்றை நொதிக்கச் செய்து ஆக்கப்படும் மது ஆகும். பிற நாடுகள் பலவற்றில் வைன் அதன் திராட்சை வகையின் பெயரால் விற்கப்படுகிறது. பிரான்சிலோ பெரும்பாலும் அது விளைந்த ஊர் அல்லது வட்டாரத்தின் பெயரால் அழைக்கப்படுகிறது. ஆகவே பிரெஞ்சு வைனைத் தெரிவு செய்வது என்பது முதன்மையாக ஒரு நிலத்தைத் தெரிவு செய்வதாகும். புகழ்பெற்ற இந்நிலங்களுள் சில, பண்டைக் கடலடியில் படிந்த சுண்ணக்கல் நிலங்கள். அவற்றை ஒத்த தொல்கடற் படிவுகள் தமிழ்நாட்டின் பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களிலும் காணப்படுகின்றன.

சிவப்பும் வெள்ளையும்

பெரும்பாலான திராட்சை வகைகளில் சாறு நிறமற்றது; நிறம் தோலில் உள்ளது. கருந்திராட்சையைத் தோலோடு நொதிக்க வைத்தால் சிவப்பு வைன் கிடைக்கிறது. தோலும் விதையும் தரும் தனின் எனும் பொருளே சிவப்பு வைனின் துவர்ப்புக்குக் காரணம். கடுக்காய், வாழைப்பூ ஆகியவற்றை உண்ணும்போது நாவில் தோன்றும் உலர்ந்த உணர்வும் இத்தகையதே. வெள்ளை வைனுக்குப் பழத்தைப் பிழிந்து தோலை நீக்கிய பின்னரே சாறு நொதிக்க வைக்கப்படுகிறது. இதில் துவர்ப்பு குறைவு. புளிப்பே இதன் முதுகெலும்பு. கருந்திராட்சையிலிருந்தும் வெள்ளை வைன் செய்ய இயலும். சாம்பெயின் வைன்களிற் பல, பினோ நுவார் எனும் கருந்திராட்சை சேர்த்து ஆக்கப்படுபவை.

பெயரிடும் முறை

போலிப் பெயர்களில் வைன் விற்கப்படுவதைத் தடுக்க 1935ஆம் ஆண்டு பிரான்சில் விளைவிடப் பெயர்ச் சட்டம் இயற்றப்பட்டது. ஒரு பெயரைப் பயன்படுத்தும் உரிமை எந்த எல்லைக்குள் விளைந்த, எந்தத் திராட்சைக்கு உண்டு என்பதையும், பெறத்தக்க உச்ச விளைச்சலையும் இம்முறை வரையறுக்கிறது. சிட்டையில் திராட்சையின் பெயர் இல்லாவிடினும் ஊரின் பெயரால் அதனை அறியலாம்.

* ஷாப்லி: சார்டொனே (வெள்ளை)
* சான்செர் (வெள்ளை): சோவினியோன் பிளாங்க்
* பர்கண்டி (சிவப்பு): பெரும்பாலும் பினோ நுவார்
* பொர்தோவின் மெடோக் பகுதி: கபர்னே சோவினியோன் மிகுந்த கலவை
* பொர்தோவின் பொமரோல் பகுதி: மெர்லோ மிகுந்த கலவை

அல்சாசு வட்டாரம் இதற்கு விலக்கு. அங்கு ரீசுலிங் முதலிய திராட்சைப் பெயர்கள் சிட்டையில் பொதுவாக இடம்பெறுகின்றன.

தரப்படிநிலைச் சொற்கள் இடத்துக்கு இடம் வேறுபடுவதைக் கவனிக்க வேண்டும். 1855ஆம் ஆண்டு பாரிசுக் கண்காட்சிக்காக மெடோக் பகுதியின் சிவப்பு வைன்கள் ஐந்து வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டன. அதில் 'பிரமியே குரு' என்பது முதல் வகுப்பு. பர்கண்டியில் அதே சொல், 'கிரான் குரு' என்பதற்கு அடுத்த இரண்டாம் நிலையைக் குறிக்கும். மேலும், பொர்தோவில் வகுப்பு பண்ணைக்கு உரியது. பர்கண்டியில் அது நிலத்துக்கு உரியது.

நிலமும் கல்லும்

நிலம், சரிவு, தட்பவெப்பம், உழவு மரபு ஆகியவை சேர்ந்து வைனுக்குத் தரும் தனித்தன்மையைப் பிரெஞ்சுக்காரர் 'டெருவார்' என்பர். ஷாப்லியின் சிறந்த தோட்டங்கள், ஏறத்தாழ 15 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட, சிறு சிப்பிகள் நிறைந்த சுண்ணக்கல்லிலும் களிச்சுண்ணத்திலும் அமைந்துள்ளன. சாம்பெயின் வட்டாரத்தின் வெண்சுண்ணம் பிற்காலக் கிரீத்தேசியக் காலத்தது.

அரியலூர்ப் பாறைத் தொகுதி எனப் புவியியலாளர் வழங்கும் படிவுகளும் இதே பிற்காலக் கிரீத்தேசியக் காலத்தைச் சேர்ந்தவை. அரியலூரை அடுத்த கல்லங்குறிச்சியின் சுண்ணக்கல் ஏறத்தாழ 7 கோடி ஆண்டுப் பழமையானது. தடித்த ஓடுடைய சிப்பிகள் அதில் அடுக்கடுக்காக உள்ளன. பெரம்பலூர் மாவட்டம் காரையின் செம்மண் ஓடைகளில் கடல்வாழ் உயிரினப் புதைபடிவங்கள் கிடைக்கின்றன. சாத்தனூரில் 18 மீட்டர் நீளமுள்ள கல்மரம் உள்ளது. இத்தொகுதியின் ஒரு பகுதி படிந்த காலம் 'கம்பானியம்' எனப்படும். 1857ஆம் ஆண்டு சூட்டப்பட்ட இப்பெயர், கொன்யாக் நகரை ஒட்டிய சாம்பெயின் எனும் திராட்சை நிலத்திலிருந்து பெறப்பட்டது. இது நுரைக்கும் வைனுக்குப் பெயர் பெற்ற சாம்பெயின் வட்டாரம் அன்று.

எனினும் அரியலூரின் சுண்ணக்கல் சிமெந்து ஆலைகளுக்கே செல்கிறது. கல் ஒன்றாயினும் வானம் வேறு என்பதே காரணம். சாம்பெயின் ஏறத்தாழ வட அகலாங்கு 49 பாகையிலும், அரியலூர் 11 பாகையிலும் உள்ளன. பிரான்சில் கொடி குளிர்காலத்தில் இலையுதிர்த்து உறங்கி, இளவேனிலில் தளிர்த்து, மெல்லப் பழுக்கிறது. குளிர்ந்த இரவுகள் பழத்தின் புளிப்பைக் காக்கின்றன. தமிழ்நாட்டில் கொடிக்கு அத்தகைய உறக்கம் இல்லை. கம்பம் பள்ளத்தாக்கில் கவாத்து செய்து ஓராண்டில் ஒன்றுக்கு மேற்பட்ட அறுவடைகள் பெறுகின்றனர். 2023ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர்த் திராட்சை, மசுக்கட்டு ஆம்பர்கு எனும் வகையாகும்.

சுண்ண நிலம் கொடிக்கு எப்போதும் உகந்ததும் அன்று. 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் பிலொக்சரா எனும் வேர்ப்பூச்சி பிரெஞ்சுத் தோட்டங்களை அழித்தபோது, அப்பூச்சியைத் தாங்கும் அமெரிக்க வேர்க்கொடிகள் மீது பிரெஞ்சு வகைகள் ஒட்டுக் கட்டப்பட்டன. ஆனால் சுண்ண நிலங்களில் அவ்வேர்கள் இரும்புச் சத்தை எடுக்க இயலாது இலை மஞ்சளித்தன. 1887ஆம் ஆண்டு பியேர் வியாலா அமெரிக்கா சென்று, டெக்சாசின் சுண்ண நிலத்தில் வளரும் கொடியினங்களை ஆராய்ந்த பின்னரே இதற்குத் தீர்வு கிட்டியது. சுண்ணாம்பு மிகுந்த நிலத்தில் நிலக்கடலை வெளிறும்போது நம் உழவர் அன்னபேதிக் கரைசல் தெளிப்பதும் இதே குறையைப் போக்கவே.

வைனில் 'கல்லின் சுவை' தெரிவதாகச் சொல்லப்படுவது நேர்ப்பொருளில் சரியன்று. வேர்கள் கரைந்த உப்புகளை மட்டுமே உறிஞ்சுகின்றன; பாறைத் தாதுக்களுக்கு அச்சுவை இல்லை. வெண்சுண்ணம் நீரை வடியவும் தேக்கவும் வல்லது என்பதே அதன் முதன்மைச் சிறப்பு.

சுவைத்தல்

கிண்ணத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்றுவதில்லை. முதலில் வெண்பின்னணியில் நிறம் பார்க்கப்படுகிறது. சிவப்பு வைன் முதிர முதிரச் செங்கல் நிறமாக வெளிறும். வெள்ளை வைன் பொன்னிறமாகக் கருக்கும். பின்னர் கிண்ணத்தைச் சுழற்றி மணம் நுகரப்படுகிறது. ஈர அட்டையின் பூஞ்சை மணம் தக்கைக் கெடுதியையும், காடி மணம் புளித்த கெடுதியையும் காட்டும். இறுதியாக ஒரு மிடறு வாயில் பரப்பிப் புளிப்பு, துவர்ப்பு, இனிப்பு, மதுச்சூடு ஆகியவற்றின் சமநிலை உணரப்படுகிறது. விழுங்கிய பின் சுவை நெடுநேரம் நிற்பது சிறந்த வைனின் அடையாளமாகக் கருதப்படுகிறது.

தெரிவு செய்தல்

* வெப்பம்: சிவப்பு வைனை 'அறை வெப்பநிலையில்' பரிமாறுக என்னும் பழைய அறிவுரை, ஐரோப்பிய வீடுகளின் 15 முதல் 18 பாகை செல்சியசைக் குறித்தது. அரியலூரின் கோடைக்கு அது பொருந்தாது; சிவப்பு வைனையும் சிறிது குளிர்விக்க வேண்டும். வெள்ளைக்கு 8 முதல் 12 பாகை ஏற்றது.
* சேமிப்பு: வெயிலில் கிடந்த புட்டி வெந்த பழத்தின் சுவை பெறும். தக்கை பிதுங்கியோ கசிந்தோ இருப்பின் தவிர்க்க. குளிரூட்டிய அறையில் வைத்து விற்கும் கடையே நம்பத்தக்கது.
* ஆண்டு: பொர்தோவில் 2005, 2009, 2010, 2016 ஆகியன சிறந்தவை, 2013 நலிந்தது. எளிய வைன்களுக்குப் பழமை சிறப்பன்று. பெரும்பாலானவை சில ஆண்டுகளுக்குள் அருந்த ஆக்கப்பட்டவை.
* சிட்டை: 'கிரான் வேன்' என்பது அரசு வழங்கும் தரப்படிநிலை அன்று. 'மி ஆன் புத்தேய் ஓ சாத்தோ' என்பது பண்ணையிலேயே புட்டியில் அடைக்கப்பட்டதைக் குறிக்கும்.
* விலை: இந்தியாவில் இறக்குமதி வைனுக்குப் பல்லாண்டுகள் 150 விழுக்காடு சுங்க வரி விதிக்கப்பட்டது. ஆதலால் இங்குக் காணும் உயர்ந்த விலை தரத்தின் அளவுகோல் அன்று. தமிழ்நாட்டில் 2003 முதல் மதுச் சில்லறை விற்பனை அரசு நிறுவனமான டாசுமாக்கிடம் உள்ளது. புதுச்சேரியிலிருந்து உரிய அனுமதியின்றி மது கொண்டுவருதல் குற்றமாகும்.

உணவுடன்

மிளகாயின் காரம், தனினின் துவர்ப்பையும் மதுவின் சூட்டையும் மிகுவிக்கும். எனவே காரக் குழம்புகளுடன் துவர்ப்பு மிகுந்த பொர்தோ சிவப்பு பொருந்துவதில்லை. சற்றே இனிப்புடைய அல்சாசு வெள்ளை வைன் அவற்றுக்கு இயையும். வறுத்த மீனுக்கு ஷாப்லியும், காரம் குறைந்த ஆட்டிறைச்சிக்கு மெடோக்கும் ஏற்றவை.

உடல்நலம்

சிவப்பு வைன் இதயத்துக்கு நல்லது என்னும் கருத்து 1990களில் பரவியது. ஆயினும் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை, 1988இலேயே மதுவைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதற் பிரிவில் சேர்த்துவிட்டது. தீங்கற்ற அளவு என எதுவும் இல்லை என அவ்வமைப்பு 2023இல் அறிவித்தது. வைனின் விலையோ, விளைந்த நிலத்தின் பெருமையோ இதனை மாற்றுவதில்லை.

இவற்றையும் பார்க்க

* கம்பம் பன்னீர்த் திராட்சை
* சாத்தனூர் கல்மரப் பூங்கா
* சுண்ணக்கல்
* புவிசார் குறியீடு