அரைத்த மாவும் பிரித்த நூலும்

ரீமிக்ஸ் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது பழைய சினிமாப் பாட்டைப் புதுக் குரலில், புது டிரம்ஸோடு திரும்பப் பாட வைப்பது. அதை மறுபதிவு என்றுதான் சொல்ல வேண்டும். ரீமிக்ஸ் வேறு. பாடியவரின் அதே குரலையும் வாசித்தவரின் அதே வாசிப்பையும் எடுத்து, கூட்டிக் குறைத்து, நறுக்கி, இடம் மாற்றி இன்னொரு பாட்டாக்குவதுதான் அது. சோதனை முயற்சிகளுக்குப் பேர்போன இரண்டு ராக் குழுக்கள் தங்கள் பாட்டுகளை இப்படிப் பிறர் கையில் கொடுத்தன. ஜெர்மனியின் கேன் குழு 1997இல் ‘சாக்ரிலேஜ்’ வெளியிட்டது. இங்கிலாந்தின் ரேடியோஹெட் 2011இல் ‘டி.கே.ஓ.எல். ஆர்.எம்.எக்ஸ். 1234567’ வெளியிட்டது. இரண்டும் இரட்டைக் குறுந்தகடுகள். இரண்டுக்கும் ரசிகர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள், ஆனால் சண்டை ஒன்றல்ல.

பெயர்களிலேயே வித்தியாசம் தெரிகிறது. சாக்ரிலேஜ் என்றால் தெய்வ நிந்தனை. திட்டப்போகிறவர்களுக்கு முன்னால் தானே அந்த வார்த்தையைச் சொல்லிக்கொள்கிற தலைப்பு. மற்றது கணினியில் ஒரு கோப்புக்கு அவசரமாக வைத்த பெயர் மாதிரி இருக்கிறது. ஒன்று பாவ மன்னிப்பு, இன்னொன்று பட்டியல் எண்.

கேன் 1968இல் கொலோனில் தொடங்கிய குழு. பாஸ் கிதார் வாசித்த ஹோல்கர் சூகாயும் கீபோர்டு வாசித்த இர்மின் ஷ்மிட்டும் இசையமைப்பாளர் ஸ்டாக்ஹவுசனிடம் இசை படித்தவர்கள். டிரம்ஸ் யாக்கி லீபட்சைட், கிதார் மைக்கேல் கரோலி. ஒத்திகை, ஒலிப்பதிவு என்ற பாகுபாடே இவர்களிடம் கிடையாது. மணிக்கணக்கில் வாசிப்பார்கள், நாடா ஓடிக்கொண்டே இருக்கும். பிறகு சூகாய் உட்கார்ந்து அதை வெட்டி, வேண்டியதை வேண்டியதோடு ஒட்டுவார். 1971இல் வந்த ‘டேகோ மேகோ’வில் இருக்கிற ‘ஹாலேலுவா’ பதினெட்டு நிமிடத்துக்கு மேல் ஓடுகிறது. அதுவும் இப்படி வெட்டி ஒட்டியதுதான்.

சாக்ரிலேஜை ஆதரித்தவர்கள் பிடித்துக்கொண்டது இந்த வரலாற்றைத்தான். கத்தரி பிடித்து இசை செய்தவர்களின் பாட்டை இன்னொருவர் கத்தரித்தால் அதில் என்ன நிந்தனை என்று கேட்டார்கள். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தேன். இரண்டு வெளியீடுகளையும் அடுத்தடுத்த நாட்களில் கேட்ட பிறகு எனக்கு அந்த வாதத்தில் ஒரு ஓட்டை தெரிந்தது.

கேனின் ஆரம்ப கால நாடாக்கள் இரண்டே ட்ராக்கில் பதிவானவை. டிரம்ஸ் தனி, குரல் தனி என்று எடுக்க வழியில்லை. அரைத்த மாவிலிருந்து உளுந்தை மட்டும் பொறுக்க முடியுமா? ரீமிக்ஸ் செய்ய வந்தவருக்கு இருந்தவை இரண்டு வழிகள்: ஒரு துண்டை வெட்டிச் சுழலவிடலாம், அல்லது மேலே இன்னொன்றைப் போடலாம். பலர் மேலே போட்டார்கள். போட்டது பெரும்பாலும் இயந்திர பீட். எதன் மேல்? லீபட்சைட் மேல். அந்த மனிதரின் வாசிப்பு முதலில் இயந்திரம் போலவே கேட்கும். கொஞ்ச நேரம் காது கொடுத்தால், ஒவ்வொரு சுற்றிலும் ஒரு அடி மயிரிழை தள்ளி விழுவதும், ஒரு அடியின் கனம் குறைவதும் பிடிபடும். கேனின் உயிர் அங்கேதான் இருக்கிறது. நேர்கோடாக ஒரு பாஸ் டிரம்மை அதன்மேல் வைத்தால் அந்த மயிரிழை மறைந்துவிடும். எதிர்த்தவர்களின் கொள்கை தவறாக இருக்கலாம், காது தவறவில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், லீபட்சைட் இயந்திரத்துக்குப் பகையே இல்லை. 1972இல் ஜெர்மனியில் முதல் பத்து இடங்களுக்குள் வந்த ‘ஸ்பூன்’ பாட்டில் ரிதம் பெட்டியோடு சேர்ந்துதான் வாசித்திருக்கிறார். ஆனால் அங்கே அவர் பெட்டியோடு பேசினார். 1997இல் பெட்டி அவர்மேல் பேசியது.

ரேடியோஹெட் கதை இதற்கு நேர் எதிர். 2011 பிப்ரவரியில் வந்த ‘தி கிங் ஆஃப் லிம்ப்ஸ்’ எட்டே பாட்டு, 37 நிமிடம். கிதார் எங்கே, மீதிப் பாட்டு எங்கே என்று ரசிகர்கள் அப்போதே முறுக்கிக்கொண்டிருந்தார்கள். துண்டு துண்டாகப் பதிந்து, சுழலவிட்டு, அடுக்கி எழுப்பிய இசை அது. ஜூலையில் முதல் ரீமிக்ஸ் இசைத்தட்டு கடைக்கு வந்துவிட்டது. ஐந்தே மாதம்! ஏழு பன்னிரண்டு அங்குலத் தட்டுகள், மொத்தம் 19 ரீமிக்ஸ்கள். அக்டோபரில் எல்லாவற்றையும் சேர்த்து ‘டி.கே.ஓ.எல். ஆர்.எம்.எக்ஸ்.’ என்று குறுந்தகடாகப் போட்டார்கள்.

இங்கே நூல் நூலாகப் பிரித்துக் கொடுப்பதில் சிக்கல் இல்லை. 2008இலேயே ‘நியூட்’ பாட்டின் குரல், கிதார், பாஸ், டிரம்ஸ் முதலியவற்றைத் தனித்தனியாக ரசிகர்களுக்கு விற்ற குழு இது. அதனால் வந்தவர்கள் தங்களுக்கு வேண்டிய நூலை மட்டும் உருவிக்கொண்டு சேலையை விட்டுவிட்டார்கள். சில ட்ராக்குகளில் பாடகர் தாம் யார்க்கின் குரல் ஒரு பெருமூச்சு அளவுக்குத்தான் மிஞ்சியது. “பாட்டு எங்கே?” என்ற புலம்பல் இங்கிருந்துதான் எழுந்தது. ‘ப்ளூம்’ என்ற ஒரே பாட்டுக்கு ஐந்து ரீமிக்ஸ் இருப்பதை நினைத்தால் அந்தப் புலம்பலில் நியாயமும் இருக்கிறது. நடன அரங்கு பக்கமிருந்து வந்தவர்களோ இதைக் கொண்டாடினார்கள். காரிபூ, ஃபோர் டெட், ஜேமி எக்ஸ் எக்ஸ், ப்ளாவான், பெர்லினின் மோடசெலெக்டர் என்று அந்த ஆண்டின் நடன இசைக்கு ஒரு வரைபடமே ஒரே பெட்டியில் கிடைத்தது அவர்களுக்கு.

என் கணிப்பில் இரண்டு வெளியீடுகளையும் பிரிப்பது, மரியாதை எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதுதான். கேனைத் தொட்டவர்களில் பலர் கேனைக் கேட்டு வளர்ந்தவர்கள். பஸ்காக்ஸ் குழுவின் பீட் ஷெல்லி 1978இலேயே கேன் தொகுப்பு ஒன்றுக்கு முன்னுரை எழுதிய பக்தர். சோனிக் யூத், தி ஆர்ப், கார்ல் கிரெய்க் எல்லாருமே கிட்டத்தட்ட கால் நூற்றாண்டு தள்ளி நின்று கும்பிடு போட்டவர்கள். ஆர்.எம்.எக்ஸில் கும்பிட்டது குழுவே. நாற்பதைத் தாண்டிய யார்க், தான் இரவில் கேட்டுக்கொண்டிருந்த இளைஞர்களை வீட்டுக்குள் கூப்பிட்டார். வந்தவர்களுக்குப் பயம் இல்லை, அதுவே பலம். வாசலில் நின்ற பழைய ரசிகருக்கோ மூல ஆல்பமே இன்னும் மனதில் பதியவில்லை. பதியாத பாட்டின் உருமாற்றத்தை எப்படி ரசிப்பது? மூலத்தின் மேல் இருந்த ஏமாற்றத்தை ஆர்.எம்.எக்ஸ். தலையில் இறக்கிவைத்தவர்கள் நிறையப் பேர்.

வடிவமும் கெடுத்தது. தட்டுக்கு இரண்டு மூன்றாகக் கேட்க வேண்டியதை 19 ட்ராக்குகளாக ஒரே மூச்சில் கேட்டால் விருந்தில் பாயசம் மட்டும் பரிமாறியது போலத்தான் இருக்கும். முதல் தட்டில் காரிபூவின் ‘லிட்டில் பை லிட்டில்’, பின்பக்கம் ஜாக் கிரீனின் ‘லோட்டஸ் ஃப்ளவர்’. அந்த இரண்டோடு நிறுத்திக்கொண்டால் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

முழுத் தொகுப்பாகப் பார்த்தால் ஆர்.எம்.எக்ஸ்தான் தைரியமானது, சாக்ரிலேஜ் கூச்சம் மிகுந்தது. ஆனால் தனி ஒரு ட்ராக்கைச் சொல்லச் சொன்னால் என் ஓட்டு சாக்ரிலேஜில் ப்ரையன் ஈனோ செய்ததற்கு. எல்லாரும் கேனின் பெரிய பாட்டுகளை நோக்கி ஓட, அவர் எடுத்துக்கொண்டது ‘பினூம்’. மூலம் மொத்தமே 26 விநாடி. நீங்கள் முதலில் அந்த 26 விநாடியைக் கேட்டுவிட்டு ஈனோவிடம் போங்கள்.